முடிவில்லாத பக்கம்

சிரஞ்சீவி பேத்திக்குத் தாத்தாவின் ஆசீர்வாதம்.

"வகுப்பில் எல்லாரும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று சென்ற வாரம் நீ கேட்டபோது, உன் அப்பாவைப் போல் "கூடாதென்றால் கூடாது" என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம் கேட்கும் குழந்தைக்குக் காரணம் சொல்வதே மரியாதை என்று கருதி, தபாலாபீசில் வாங்கிவந்த இந்த இன்லண்ட் லெட்டரை விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் படித்த பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. எத்தனை ஆவல் இருந்தாலும், தொடர்கதை 'தொடரும்' என்ற சொல்லோடு நின்றுவிடும். அந்த நிர்ப்பந்தத்தில்தான் நாங்கள் விளையாடப் போனோம், பாடம் படித்தோம், தூங்கினோம். நீ கேட்கும் திரைக்கோ கடைசிப் பக்கமே கிடையாது. 2006-ஆம் ஆண்டில் அஸா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், அடுத்த பக்கத்துக்குப் போக ஓரிடத்தில் அழுத்தவேண்டிய சிரமத்தை நீக்க எண்ணி, விரல் நகர நகரப் புதியவை தாமே வந்துகொண்டிருக்கும் உபாயத்தைச் செய்தார். சௌகரியம் என்று நினைத்துச் செய்த அக்காரியம், 'நிறுத்தலாமா' என்று மனிதன் யோசிக்கும் அந்த ஒரு கணத்தையும் பறித்துவிட்டதைக் கண்டு, பிற்காலத்தில் அவரே பகிரங்கமாக வருந்தினார்.

இத்துடன் நிச்சயமின்மையும் சேர்ந்துகொள்கிறது. ஸ்கின்னர் என்ற மனோதத்துவ நிபுணர், புறாக்களை வைத்துச் செய்த பரிசோதனைகளை, ஃபெர்ஸ்டர் என்பவருடன் சேர்ந்து 1957-இல் நூலாக வெளியிட்டார். இத்தனை முறை கொத்தினால் தானியம் என்ற நியதி இருந்தபோது, தானியம் பெற்ற புறா சற்றே ஓய்ந்தது. எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாதபோதோ ஓயாமல் கொத்தியது. பொங்கலன்று உன் பெரியம்மா மகள், வாசலில் போட்ட கோலத்தைப் படமெடுத்துப் போட்டுவிட்டு, பானை பொங்கும் வேளையிலும் லைக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கும். எண்ணிக்கை ஏறாததைக் கண்டு அவள் முகம் வாடியது. கோலமோ காலையில் இருந்த அதே அழகோடுதான் இருந்தது.

அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி, 2023 மே மாதத்தில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். சமூக ஊடகங்களில் நாளொன்றுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் செலவிடும் இளம் வயதினருக்கு, மனச்சோர்வு, பதற்றம் முதலியவற்றின் அபாயம் இரு மடங்காகக் காணப்படுகிறது என்றது அது. இது ஒன்றே காரணம் என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை; தனித்து நிற்கும் பிள்ளைகளுக்கு அங்கே துணையும் கிடைக்கிறது என்பதை அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. ஆயினும் ஆஸ்திரேலியா, 16 வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடுத்திருக்கிறது. சட்டம் வாசலை அடைக்கலாம். ஒருநாள் நீ உள்ளே போகத்தான் போகிறாய். எங்கே நிறுத்துவது என்பதை அதற்குள் நீ பழகிக்கொள்ள வேண்டும் என்பதே என் கவலை.

அந்தப் பழக்கம் குழந்தைகளுக்கு மட்டும் விதிக்கப்படுவது நியாயமாகாது. இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, இடக்கையில் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருக்கும் தகப்பனின் உபதேசம் எந்தப் பிள்ளையின் காதிலும் ஏறாது. ஆகையால் இதை உன் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டு. இரவு எட்டரை மணிக்கு மேல் வீட்டிலுள்ள கைபேசிகள் யாவும், அவனுடையது முதலாக, கூடத்து அலமாரியில் உறங்கட்டும். மூன்று மாதம் இது தவறாமல் நடந்தால், உன் கேள்வியை மறுபடி எடுத்துக்கொண்டு வா; உனக்காக நானே அவனிடம் பேசுகிறேன்.

சொல்ல இன்னும் எவ்வளவோ இருக்கிறது. மூன்றாம் மடிப்பும் நிரம்பி, பசை தடவும் ஓரம் மட்டும் மிஞ்சியிருப்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் தாத்தா