உள்ளே போன புகை எங்கே போகிறது?

தேரிக்காட்டில் காற்றடித்தால் மூக்கெல்லாம் செம்மண்தான். ஆனால் அந்த மண்ணால் பெரிய பயமில்லை. மூக்கு மயிரிலும் சளியிலும் சிக்கிவிடும், ஒரு தும்மல் போட்டால் போச்சு. நாம் பயப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாத நானோ துகளுக்கு. 100 நானோமீட்டருக்கும் குறைவானது அது. நம் தலைமுடியின் தடிமனோ ஏறக்குறைய 70,000 நானோமீட்டர்!

உடன்குடிப் பக்கம் விடிலிகளில் பனை ஓலையையும் மட்டையையும் எரித்துப் பதனீர் காய்ச்சுகிறார்களே, அந்தப் புகையில் இந்தத் துகள் ஏராளம். "காறித் துப்புனா கருப்பா வந்துரும்லே, பெறவு என்ன?" என்பாங்க எங்க ஆச்சி. அது பாதிதான் சரி. ஆச்சி துப்புவது மூச்சுக்குழலில் ஒட்டிய கரியை. அங்கே குற்றிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைபோல அசைந்து சளியைத் தொண்டைக்குத் தள்ளும். துப்புவோம், இல்லை தெரியாமலே விழுங்குவோம். பெரும்பாலும் ஒரே நாளில் முடிகிற வேலை.

நானோ துகள் அதையும் தாண்டிப் போகும். காற்று மூலக்கூறுகள் மோத மோத அங்குமிங்கும் அலைந்து (பிரௌனியன் இயக்கம்!) நுரையீரலின் கடைசியில் உள்ள காற்று நுண்ணறைகளில் ஒட்டிக்கொள்ளும். சில மட்டும் மூச்சோடு திரும்பிவிடும். நுண்ணறையில் குற்றிழைகளே கிடையாது. விழுங்கு செல்கள்தான் துகளை விழுங்கி, மெல்ல ஊர்ந்து மேலே கொண்டுவர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில், சிலதுக்கு வருஷக்கணக்கில் ஆகும். ரொம்பச் சிறியது அவற்றுக்கும் தப்பிடும். நுண்ணறைக்கும் இரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவரின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லையே!

இது வெறும் ஊகமல்ல. ஸ்காட்லாந்தில் எடின்பரோ விஞ்ஞானிகள் ஆரோக்கியமான 14 பேரைத் தங்க நானோ துகள் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். (உடம்பில் இயல்பாகத் தங்கம் மிக மிகக் குறைவு, அதனால் கண்டுபிடிப்பது சுலபம்.) 2017-ல் முடிவு வந்தது. பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்குள் இரத்தத்திலும் சிறுநீரிலும் தங்கம் தெரிந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் இருந்தது! 30 நானோமீட்டர் துகளைவிட 5 நானோமீட்டர் துகள்தான் அதிகம் கடந்திருந்தது.

ஆகவே, முந்தானையால் மூக்கை மூடினால் மண் நிற்கும், நானோ துகள் பெரும்பாலும் நுழைந்துவிடும். அடுப்புக்குப் புகைக்குழாய் வைக்கலாம். முடியாவிட்டால் காற்று வருகிற பக்கம் நின்று கிண்டலாம். வீட்டில் விறகடுப்பு இருப்பவர்களும் இதைக் கவனிக்கவும்.

– 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு