தூக்கணாங்குருவியும் நம் ஏரிக்கரையும்

செங்கற்பட்டு மாவட்டத்தில் ஏரியில்லாத ஊர் அரிது. கொளவாய் ஏரி முதல் சிற்றூர்த் தாங்கல்கள் வரையிலும், மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாயின் ஓரங்களிலும், மழைக்காலத்தில் ஒரு சிறு பறவைக் கூட்டம் ஓயாது கத்திக்கொண்டு கூடு பின்னுவதை உழவர் யாவரும் கண்டிருப்பர். தூக்கணாங்குருவியே அது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியப் பராமரிப்பில் இருப்பதால், கரையில் பனை நிற்பதும் வீழ்வதும் பெரும்பாலும் நம் தீர்மானத்தைப் பொறுத்ததே. ஆகவே இப்பறவையைப் பற்றிப் பஞ்சாயத்தார் சிறிது அறிந்திருத்தல் நலம்.

மற்றக் காலங்களில் இதனை ஊர்க்குருவியின் பேட்டிலிருந்து பிரித்தறிவது கடினம். இனப்பெருக்கக் காலத்தில்தான் ஆணின் உச்சந்தலை மஞ்சள் நிறம் பெறும். கூடு பின்னுவதும் ஆணே. நெற்பயிரின் இலையிலோ பனையோலையிலோ அலகால் ஒரு வெட்டு வெட்டி, நுனியைப் பற்றிக்கொண்டு பறக்கும். நீண்ட நார் கிழிந்து வந்துவிடும். இத்தகைய நார்களை நூற்றுக்கணக்கான முறை சுமந்து வந்து முடிச்சிட்டுப் பின்னுகிறது. கூடு தலைக்கவசம் போன்று பாதி உருவானதும் வேலை நின்றுவிடும். பெண் பறவைகள் வந்து கூட்டினுள் புகுந்து சோதிக்கும். பெண்ணுக்குப் பிடித்தால்தான் முட்டையறையும், கீழ்நோக்கித் தொங்கும் நீண்ட குழாய் வாயிலும் அமையும். பிடிக்காத கூடு அப்படியே கைவிடப்படும். பெண் அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கப் போய்விடும். இவ்வழக்கத்தை 1930ஆம் ஆண்டில் பம்பாய்க்கு அருகிலுள்ள கிகீம் என்னும் கடலோர ஊரில் நாள்தோறும் கவனித்து எழுதியவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி.

கூட்டின் உட்புறத்தில் விளக்குக்காக மின்மினியை ஒட்டிவைக்கும் என்று நம் ஊர்களில் கூறுவர். ஒட்டுவது வெறும் களிமண்ணே. கேட்பதற்கு இனிய கதைதான், உண்மை அதுவன்று.

பனையும் கருவேலும் தண்ணீரின்மேல் சாய்ந்து நிற்கும் இடத்தையும், பாழுங்கிணற்றின் உட்புறத்தையும் இது விரும்புவதற்குக் காரணம், பாம்பு முதலியன எளிதில் எட்டாமையே. இதன் இனத்ததாகிய மார்பில் கோடுகளையுடைய மற்றொரு குருவி, மரத்தை நாடாது, நீரில் நிற்கும் கோரையிலும் சம்பிலும் கூடு கட்டும். எனவே கோரையை எரித்தால் ஒன்றும், பனையை வீழ்த்தினால் மற்றொன்றும் இடமிழக்கும்.

இக்குருவி தானியம் தின்னும் என்பதை நாம் மறைக்கப்போவதில்லை. கம்பும் சோளமும் பால்பிடிக்கும் தருணத்தில் கூட்டமாக இறங்கினால் நட்டம் மெய்யாகவே உண்டு. ஆனால் குஞ்சு பொரித்த நாட்களில் பூச்சிகளையும் புழுக்களையும் தேடிக் கொணர்ந்து ஊட்டுவதும் இப்பறவையே. கதிர் முற்றும் சில வாரங்கள் மட்டும் வயலில் ஒளிரும் நாடாக்களைக் கட்டியும் தகரம் தட்டியும் விரட்டுவது போதுமானது. கூட்டைக் கலைத்தல் 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

பறவைக்கு இடங்கொடுத்த ஊர்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு. வேடந்தாங்கல் உழவர்கள், நீர்ப்பறவைகளின் எச்சத்தால் ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உணர்ந்து, 1798இல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேசிடமிருந்து பறவைகளைச் சுடக்கூடாதென்னும் உரிமையை எழுத்திலேயே பெற்றனர். தூக்கணாங்குருவிக்கு அவ்வளவும் தேவையில்லை. கோரை அறுப்பையும் கரை செப்பனிடுதலையும் கோடையிலேயே முடித்துவிடலாம். அறுக்கும்போது ஏரியின் ஒரு பகுதிக் கோரையை அவ்வாண்டு விட்டுவைத்து, மறு ஆண்டு அதனை அறுக்கலாம். செங்கற்சூளைக்குப் பனை கேட்டு வருவோரிடம், பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருப்பதை எடுத்துரைக்கலாம். குஞ்சுகள் பறந்துபோன பின்னும், வீட்டு அலங்காரத்திற்கென்று கூடுகளை அறுத்தெடுக்காதிருத்தல் நன்று. பழைய கூடுகளில் சில்லைக் குருவிகள் குடிபுகுவதுண்டு.