ஈரச்சாலையில் இருசக்கரம்

தமிழ்நாடு ஆண்டுதோறும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே தருகிறது. அம்மூன்று மாதங்களிலும் பள்ளியும் அலுவலகமும் சந்தையும் இயங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. இருசக்கர வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நனைந்த சாலையில் வண்டியின் இயல்பு எவ்வாறு மாறுகிறது, அதனை அறிந்து ஓட்டுவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

முதல் தூறல்

மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சாலையில் தூறல் விழத் தொடங்குகிறது. பத்தாண்டுகளாக அதே வழியில் வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவர், பெருமழை பிடிப்பதற்குள் வீடு சேர்ந்துவிடலாம் என்று வண்டியைச் சற்றே விரைவுபடுத்துகிறார். நாள்தோறும் திரும்பும் அதே வளைவு. நாள்தோறும் சாய்க்கும் அதே சாய்வு. அன்று மட்டும் பின்சக்கரம் வழுக்கி, வண்டி தரையில் சரிகிறது. நேற்றுவரை அவரைக் காத்த பழக்கமே இன்று அவரை வீழ்த்தியது. சாலை மாறிவிட்டதை அவர் உணரவில்லை.

பெருமழையைக் காட்டிலும் முதல் தூறலே கொடியது என்றால் பலர் வியப்பர். வாகனங்களிலிருந்து சொட்டிய எண்ணெய், டயர்களிலிருந்து தேய்ந்து உதிர்ந்த ரப்பர்த் துகள், புழுதி ஆகியவை வறண்ட நாள்கள் முழுவதும் சாலையின் நுண்துளைகளில் படிந்திருக்கும். முதல் துளிகள் அவற்றைக் கழுவிச் செல்லப் போதா. குழைத்து மேலே கொண்டுவரவே போதும். நல்ல மழை பெய்து அக்குழம்பு வடியும்வரை சாலை வழுக்கும். அந்த அரைமணி நேரத்தைத் தேநீர்க் கடையில் கழிப்பவரைச் சோம்பேறி என்று கருதிவிடக் கூடாது.

பிடிமானத்தின் கணக்கு

வண்டி சாலையைத் தொடும் பரப்பு ஒவ்வொரு டயரிலும் ஓர் உள்ளங்கை அளவுகூட இராது. விரைவதும் திரும்புவதும் நிற்பதும் அச்சிறு பரப்பில் எழும் உராய்வைக் கொண்டே நிகழ்கின்றன. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் குணகம் 0.7 எனக் கொண்டால், நனைந்த சாலையில் அது 0.4 அளவுக்குக் குறைந்துவிடலாம்.

இதன் விளைவை எளிய கணக்கால் அறியலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஓர் இடையூற்றைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகும் எனின், அதற்குள் வண்டி ஏறத்தாழ 14 மீட்டர் சென்றிருக்கும். பின்னர் உலர்ந்த சாலையில் மேலும் 14 மீட்டரில் நிற்கும்; நனைந்த சாலையிலோ ஏறத்தாழ 25 மீட்டர் வேண்டும். மொத்தத்தில் 28 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 39 மீட்டர் வரை செல்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும்போது இந்தப் பதினொரு மீட்டர் ஓர் உயிரின் விலை. வேகத்தை 40 கிலோமீட்டராகக் குறைத்தாலோ, நனைந்த சாலையிலும் ஏறத்தாழ 27 மீட்டரில் வண்டி நின்றுவிடும். மழை பறித்துக்கொண்ட தொலைவை மீட்கப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தை விட்டுக்கொடுத்தால் போதும். அச்சத்தால் ஊர்ந்து செல்வதும் வேண்டா. அதனால் பின்னால் வரும் பேருந்துக்கும் இடையூறே.

உராய்வு ஒன்றே ஆயினும் அதற்குச் செலவுகள் பல. வளைவில் சாய்ந்திருக்கும் வண்டி தன் பிடிமானத்தின் பெரும்பகுதியைத் திரும்புவதற்கே செலவிட்டுவிடுகிறது. அந்நேரத்தில் பிரேக்கை அழுத்தினால், இல்லாத பொருளுக்குக் கடன் கேட்பது போலாகும், டயர் கைவிட்டுவிடும். ஆகவே, வளைவுக்கு முன்னரே, வண்டி நேராக நிற்கும் நிலையில் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

பிரேக்கும் கைகளும்

முன்பிரேக்கைத் தொட்டாலே வண்டி குப்புறக் கவிழும் என்ற அச்சம் நம்மிடையே பரவலாக உண்டு. அதனால் மழையில் பின்பிரேக்கை மட்டும் மிதிப்பவர் மிகுதி. வண்டி நிற்க முற்படும்போது எடை முன்சக்கரத்தின்மேல் சாய்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு அங்குதான் இருக்கிறது. ஈரத்தில் அப்பங்கு ஓரளவு குறையுமேயன்றி மறைவதில்லை. திடீரெனப் பற்றுவதுதான் பிழை. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். பின்பிரேக்கையும் உடன்சேர்க்க வேண்டும். புதிய வண்டிகளில் உள்ள ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். எனினும் சாலையில் இல்லாத உராய்வை அதனால் உண்டாக்க இயலாது.

அஞ்சுபவரின் தோள் இறுகும். இறுகிய தோள் கைப்பிடியை இறுக்கும். சிறு வழுக்கலையும் அது பெரிதாக்கிவிடும். முழங்கால்களால் பெட்ரோல் டாங்கைப் பற்றி, கைகளைத் தளர்த்திப் பார்வையைத் தொலைவில் செலுத்துபவரின் வண்டி பெரும்பாலும் தானே நேராகிக்கொள்ளும். இந்தப் பக்குவம் ஆளில்லாத திடலில், ஈரத்தரையில், குறைந்த வேகத்தில் பலமுறை பிரேக் பிடித்துப் பார்ப்பதனால் வருவது.

சாலையைப் படித்தல்

நனைந்த சாலை முழுவதும் ஒரே தன்மையுடையதன்று. வெண்கோடுகள், பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடிகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள் ஆகியன தாரைவிட மிகுதியாக வழுக்கும். தண்டவாளத்தைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் அதனோடே இழுபட்டுச் செல்லும். இயன்றவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். காவிரிப் படுகையில் பருவமழைக் காலமே நடவுக் காலமும் ஆகும். வயலிலிருந்து ஏறிய டிராக்டர் சாலையில் விட்டுச்சென்ற சேறு, மழைநீர் பட்டதும் களிம்பாகிவிடும். அவ்வூர்க்காரர்கள் அத்தகைய இடங்களில் பிரேக்கைத் தொடாமல், வேகத்தை முன்னரே தணித்து நேராகக் கடந்து செல்வர்.

தேங்கிய நீரில் ஆழம் தெரியாமல் இறங்கலாகாது. நகரங்களில் வெள்ளம் வடிவதற்காகச் சாக்கடை மூடியைத் திறந்துவிட்டு, அடையாளமாக ஒரு மரக்கிளையைச் செருகி வைப்பதுண்டு. கிளை அடித்துச் செல்லப்பட்டால் குழி மட்டும் எஞ்சும். முன்னே செல்லும் வாகனத்தின் சக்கரத் தடத்தைப் பின்பற்றுவது நலம். நீரைக் கடந்தபின் பிரேக்கை இலேசாகப் பிடித்தபடி சிறிது தொலைவு சென்றால், நனைந்த பிரேக் உலர்ந்து மீண்டும் பற்றும்.

பின்னிருக்கை

இதனைப் படிப்போரில் பலர் பின்னிருக்கையில் அமர்பவர்களே. கியர் உள்ள வண்டியை ஓட்ட உரிமம் பெறப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். உரிமமின்றிச் சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 25,000 ரூபாய் தண்டத்திற்கும் மூன்றாண்டு வரையிலான சிறைக்கும் ஆளாக நேரிடும் என்கிறது 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம்.

பின்னால் அமர்பவருக்கும் பொறுப்பு உண்டு. ஓடும் வண்டியில் குடை விரிப்பது நம் ஊர்களில் வழக்கமான காட்சி. எதிர்க்காற்றில் குடை பின்னோக்கி இழுக்கும். பிடித்திருப்பவரும் அதனோடு சாய்வார். ஒருபக்கமாக அமர்ந்திருப்பவராயின் பற்றுவதற்கு ஏதுமிராது. துப்பட்டா, சேலை முந்தானை, மழைச்சட்டையின் தொங்கும் நுனி ஆகியவை சக்கரத்தில் சிக்காதவாறு செருகிக்கொள்ள வேண்டும். பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம் வேண்டும்.

தலைக்கவசக் கண்ணாடியில் நீர் வழிய, எதிர்வரும் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்ய, ஓட்டுபவர் பல்லைக் கடித்துக்கொண்டு சென்றுகொண்டிருப்பார். நிற்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றாமலே போகலாம். "அப்பா, கொஞ்ச நேரம் நின்று போவோம்" என்று பின்னிருந்து சொல்லத் தயங்க வேண்டியதில்லை. நிற்கும் இடத்தையும் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். இடிமின்னலின்போது மரத்தடி ஆகாது. மின்கம்பத்தின் அருகும் ஆகாது. மேம்பாலத்தின் கீழே சாலையிலேயே கூட்டமாக நிற்பவர்கள் பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணுக்குக் கடைசி நொடியில்தான் தெரிவர். சாலையை விட்டு முழுவதுமாக இறங்கி, வெளிச்சமுள்ள ஒரு கடையோரத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம்.