காட்சியும் கருவியும்

மலைநாட்டிற்குச் சென்று மீண்ட ஒருவர், தாம் எடுத்துவந்த நிழற்படங்களை நண்பர்க்குக் காட்டுகின்றார். "இம்மலை வானளாவி நின்றது, கண்டு மெய்ம்மறந்தேன்" என்கின்றார். படத்திலோ பரந்த வெறுந்தரைக்கு அப்பால் சிறியதொரு மேடு தோன்றுகின்றது. நண்பர் முகத்தில் வியப்பில்லை. காட்டியவர் உள்ளத்தில் ஏமாற்றம் உண்டாகின்றது. கண்ணுக்குப் பெரிதாய் இருந்த மலை, படத்தில் சிறுத்துப்போனது ஏன்? குற்றம் மலையினிடத்தும் இல்லை, கருவியினிடத்தும் இல்லை. கருவியைத் தம் கருத்திற்கு ஏற்ப ஆளும் வகையை அவர் அறிந்திலர். அவ்வகையை, ஒரு பெருங்கலைஞர் எடுத்த ஒரே ஒரு படத்தின் வரலாற்றால் அறிந்துகொள்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றான கலிபோர்னியாவில் யோசெமிட்டி என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. பனியாறுகள் பன்னெடுங்காலம் அறுத்துச் செதுக்கிய அவ்விடத்தில், 'ஹாஃப் டோம்' என்னும் பெரும்பாறை நிற்கின்றது. குவிமாடம் ஒன்றை நடுவே பிளந்து, ஒரு பாதியை அகற்றிவிட்டாற்போன்ற தோற்றம் உடையது அது. பள்ளத்தாக்கின் தரையினின்று அதன் உச்சி ஏறத்தாழ 4,800 அடி உயரமாகும்.

1927-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், ஆன்சல் ஆடம்ஸ் என்னும் இளைஞர் நண்பர் சிலருடன் அப்பாறையை நோக்கி மலையேறினார். அப்போது அவருக்கு வயது 25. கனத்த காமிரா ஒன்று, லென்ஸ் எனப்படும் கண்ணாடி வில்லைகள் இரண்டு, நிறக்கண்ணாடிகள் இரண்டு, மரத்தாலான முக்காலி, படம் பதியும் கண்ணாடித் தகடுகள் பன்னிரண்டு ஆகியவற்றைச் சுமந்துகொண்டு, பனி படிந்த செங்குத்தான வழியில் அவர் ஏறிச் சென்றார்.

இத்துணைச் சுமையுடன் அவர் ஏறியது எதற்காக? பள்ளத்தாக்கில் நின்று அண்ணாந்து நோக்குவோர்க்கு, உயர்ந்த பாறையின் முகம் மேலே செல்லச் செல்லக் குறுகித் தோன்றும். அதன் முழு வலிமையையும் நேர்நின்று காண வேண்டுமாயின், அதற்கு ஈடான உயரத்திற்குச் செல்லுதல் வேண்டும். ஹாஃப் டோமின் மேற்குத் தோளில், பாதாளத்தின்மேல் நீண்டு நிற்கும் பாறை விளிம்பு ஒன்று உண்டு. அங்குச் செல்லவே அவர் விரும்பினார்.

இதில் நாம் கற்கும் முதற்பாடம் ஒன்று உளது. எப்பொருள் பெரிதாகத் தோன்றும், எப்பொருள் எதனை மறைக்கும் என்பவற்றை உறுதி செய்வது வில்லை அன்று. நாம் நிற்கும் இடமே ஆகும். ஓரிடத்தில் நின்றுகொண்டு எத்தனை வில்லைகளை மாற்றினும், முன்னிருக்கும் மரத்திற்கும் பின்னிருக்கும் மலைக்கும் உள்ள அளவுப் பொருத்தம் மாறாது. மரத்தை நோக்கிச் சில அடிகள் முன் சென்றாலோ அது மாறிவிடும். ஆதலின், இயற்கைக் காட்சியைப் படமெடுப்போர்க்கு முதற்கருவி அவர்தம் கால்களே எனலாம்.

இடத்தைக் கால் தேர்ந்தபின், காட்சியின் எல்லையை வில்லை வகுக்கின்றது. வில்லையின் குவியத் தூரம், தகட்டின் மூலைவிட்டத்தோடு ஏறக்குறைய ஒத்திருப்பின், படம் இயல்பான பார்வையைப் போல அமையும். குவியத் தூரம் குறைந்தால் பார்வை விரியும், மிகுந்தால் ஒடுங்கும். ஆடம்ஸின் தகடு ஆறரை அங்குல அகலமும் எட்டரை அங்குல நீளமும் உடையது. அதன் மூலைவிட்டம் 10.7 அங்குலம். அவர் பயன்படுத்திய வில்லையின் குவியத் தூரமோ எட்டரை அங்குலம். எனவே, அது சற்றே விரிந்த பார்வையுடையதாயிற்று. 35 மில்லிமீட்டர் படச்சுருள் இடும் காமிராவில், 50 மில்லிமீட்டர் வில்லை கிடையாக 40 பாகையளவு காட்சியைக் காட்டும். 24 மில்லிமீட்டர் வில்லை 74 பாகையைக் காட்டும். 200 மில்லிமீட்டர் வில்லை 10 பாகையையே காட்டும்.

முதலில் நாம் கண்ட மலைநாட்டுப் பயணியின் பிழை இப்போது விளங்கும். எல்லாவற்றையும் ஒருசேர அடக்க விரும்பி அவர் விரிந்த வில்லையைக் கொண்டார். அது வெறுந்தரையை அகலக் காட்டி, மலையைச் சிறிதாக்கிவிட்டது. விரிந்த வில்லையைக் கொள்வோர், ஓடும் நீரையோ பூத்த செடியையோ அண்மையில் அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். அங்ஙனம் செய்தால், பார்ப்பவர் கண் அருகிலிருந்து தொலைவுக்கு நடந்து செல்லும். மலையின் பெருமை ஒன்றையே காட்ட விரும்பின், ஒடுங்கிய பார்வையுடைய வில்லையே தக்கது. அடுக்கடுக்காக நிற்கும் மலைத்தொடர்களையும் அதுவே நெருக்கிக் காட்டும்.

அருகிலுள்ள பூவும் தொலைவிலுள்ள மலையும் ஒருங்கே தெளிவாக அமைதல் எவ்வாறு? வில்லைக்குள் ஒளி புகும் துளையைச் சிறிதாக்கினால், தெளிவின் எல்லை நீளும். துளையின் அளவை எஃப் என்னும் குறியோடு எண்ணால் குறிப்பர். எண் பெரிதானால் துளை சிறிது. 24 மில்லிமீட்டர் வில்லையை எஃப் 11 அளவில் வைத்து, ஏறத்தாழ 1.8 மீட்டர் தொலைவிற்குக் குவியச் செய்தால், 0.9 மீட்டர் முதல் தொடுவானம் வரை யாவும் தெளிவுறும். எனினும் துளையை மிகச் சிறிதாக்கினால், ஒளி அதன் விளிம்பில் வளைந்து சிதறிப் படம் முழுவதையும் சற்று மழுங்கச் செய்யும். மேலும், துளை சிறுக்குந்தோறும் ஒளி பதிய நெடுநேரம் வேண்டும். எஃப் 8-ஐ எஃப் 11 ஆக்கினால் இருமடங்கு நேரம் வேண்டும். அந்நேரத்தில் கை நடுங்கினால் படம் கலங்கும். ஆதலின் முக்காலி இன்றியமையாதது.

இனி, ஆடம்ஸிடம் மீள்வோம். அவர் விளிம்பினை அடைந்தபோது பாறையின் முகம் முழுதும் நிழலில் இருந்தது. கதிரவன் மேற்கே சாயும்வரை அவர் பொறுமையுடன் காத்திருந்தார். பன்னிரண்டு தகடுகளுள் எஞ்சியவை இரண்டே. ஒளி பாறையின்மேல் படரத் தொடங்கியதும், வழக்கம்போல் மஞ்சள் நிறக்கண்ணாடியை வில்லையின்முன் பொருத்தி ஒரு படம் எடுத்தார். எடுத்து முடிந்தவுடனே அவர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுந்தது. அப்படத்தில் வானம் வெளிறிய சாம்பல் நிறமாய் அமையும். பாறை உள்ளவாறு தோன்றும். ஆனால், அதன்முன் நிற்கையில் தம் நெஞ்சில் எழுந்த அச்சமும் வியப்பும் அதில் இரா என்று உணர்ந்தார்.

எஞ்சியது ஒரு தகடு. அது பழுதானால் அத்தனை ஏற்றமும் காத்திருப்பும் வீணாகும். சற்றே சிந்தித்தார், மஞ்சட் கண்ணாடியை அகற்றிவிட்டுக் கருஞ்சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுக்கும். நீலவானம் அதனால் ஏறக்குறையக் கறுப்பாகும். வானத்தின் நீல ஒளியையே பெறும் நிழல்களும் இருளும். வெயில்படும் பாறையும் பனியுமே ஒளிரும். புகும் ஒளி பெரிதும் குறைவதால், துளையை எஃப் 22 அளவில் வைத்து, ஐந்து விநாடி நேரம் ஒளி பதியுமாறு செய்தார். அவர் மனக்கண்ணில் கண்டது அவ்வாறே தகட்டில் அமைந்தது. கரிய வானத்தின்முன் பாறை பேருருவாய் எழுந்து நிற்கும் அப்படம், இன்றும் உலகப் புகழுடன் விளங்குகின்றது.

ஆடம்ஸ் பின்னர், 1932-இல், நுண்ணிய தெளிவை விரும்பிய கலைஞர்களோடு கூடி 'எஃப் 64 குழு' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். சியரா நெவாடா மலைகளைக் காட்டும் அவருடைய படநூல் 1938-இல் வெளிவந்தது. கிங்ஸ் கேனியன் என்னும் மலைப்பகுதி 1940-இல் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டதற்கு அவர்தம் படங்களும் துணை செய்தன. நேரில் கண்டிராதவரையும் ஒரு மலையின்பால் அன்பு கொள்ளச் செய்தல் நல்ல படத்தின் ஆற்றல் அன்றோ!

இக்காலத்தில் கண்ணாடித் தகடுகளைச் சுமப்பார் மிகச் சிலரே. கைபேசியிலேயே நூறு படங்கள் எடுக்கலாம். சிவப்புக் கண்ணாடியின் பயனைக் கணிப்பொறியில் பின்னரும் பெறலாம். எனினும், நிற்க மறந்த இடத்தையும், காத்திராது இழந்த ஒளியையும் எக்கணிப்பொறியும் மீட்டுத் தராது. ஆதலின், கருவியை எடுக்குமுன் கண்ணால் நோக்குக, "இக்காட்சியில் என் உள்ளத்தைக் கவர்ந்தது எது?" என்று வினவுக. விடை கிடைத்தபின் இடத்தையும் வில்லையையும் தேர்க. கையில் ஒரே ஒரு தகடுதான் உள்ளது என்று எண்ணிப் படமெடுப்பவர், அந்த ஒன்றையே நன்றாக எடுப்பர்.