சென்னையின் மின்சார டிராம் வண்டி

குதிரையும் மாடும் இழுக்காத வண்டி ஒன்று வீதியில் தானே செல்லுமாயின், கண்டோர் வியப்புறுதல் இயல்பே. சென்னை மாநகரத்தார் அவ்வியப்பை எய்திய நாள் 1895-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதியாகும். இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதல் ஓடியது அங்கேதான். கல்கத்தா அதனை 1902-லும், பம்பாய் 1907-லும் பெற்றன. லண்டன் வீதிகளுக்கும் அது 1901-லேயே வந்தது. அமெரிக்காவில் ரிச்மண்டு நகரில் ஸ்பிரேக் என்பார் 1888-ல் இம்முறையை வெற்றியுற நடத்திக் காட்டி ஏழாண்டுகளே கழிந்திருந்தன என்பதை நோக்கின், சென்னையின் துணிவு நன்கு விளங்கும்.

இனி, அவ்வண்டி இயங்கிய விதத்தை ஆராய்வோம். மின்சாரம் ஓரிடத்தில் உண்டாக்கப்படுகிறது. வண்டியோ இடம்விட்டு இடம் பெயர்கிறது. ஓடும் வண்டிக்கு இடையறாது மின்சாரம் ஊட்டுவது எங்ஙனம்? இதுவே முதற் சிக்கல். சென்னையில் முதலிற் கையாண்ட முறை, தெருவின் அடியில் கால்வாய் போன்ற பள்ளம் அமைத்து, அதனுள் மின்கம்பிகளை வைப்பதாகும். மேலேயுள்ள ஒடுங்கிய பிளவின் வழியே வண்டியினின்று ஒரு கை இறங்கி அவற்றைத் தொட்டுச் செல்லும்.

ஆனால் சென்னை சமதளமான கடற்கரை நகரம். பருவமழை பெய்தபோது நீர் பள்ளத்திற் புகுந்தது, வண்டிகள் தடைப்பட்டன. ஆகவே அம்முறை கைவிடப்பட்டு, தெருவின் மேலே கம்பி கட்டப்பட்டது. வண்டியின் கூரையிலிருந்து எழுந்த கோல் அக்கம்பியைத் தொட்டு மின்சாரத்தை வாங்கிற்று. அது மோட்டாரைச் சுழற்றிச் சக்கரங்களின் வழியே தண்டவாளத்தை அடைந்து, உற்பத்தி நிலையத்துக்கு மீண்டது.

முதற் கம்பெனி நிலைக்கவில்லை. 1904-ஆம் ஆண்டைத் தன் பெயரிலேயே தாங்கிய புதுக் கம்பெனி பின்னர் டிராமை நடத்திற்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக உத்தியோகஸ்தரும் கூலியாட்களும் மாணாக்கரும் ஒரே பலகையில் அமர்ந்து சென்றனர். பஸ்கள் பெருகின, கம்பெனி நஷ்டமுற்றது, 1953-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் டிராம் நின்றது. அதனை நம்பிப் பிழைத்த தொழிலாளர் பிழைப்பிழந்தனர்.

ஏரியூர்ப் பக்கத்து நமக்கு டிராமின் ஓசை எட்டியதில்லை; எனினும் இதில் நமக்கொரு பாடம் உண்டு. சென்னையில் மின்சாரத்துக்கு இடையூறாய் நின்றதும் நீரே; 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின், காவிரியினின்று மின்சாரம் தந்ததும் நீரே. நிலத்தின் இயல்பையும் மழையின் போக்கையும் முன்னறிந்து செய்யும் யந்திரமே நிலைக்கும். சாஸ்திரம் கற்கும் மாணாக்கர் புத்தகத்தோடு தம் ஊரின் மண்ணையும் நீரையும் கற்பாராக.