வூஜோவிலிருந்து கல் வாங்கும் முன்

கேள்வி: ஸ்ரீரங்கத்தில் பரதநாட்டிய நகைகளும் சுவாமி அலங்கார நகைகளும் செய்யும் சிறு பட்டறை ஒன்று, அமெரிக்கன் டைமண்ட் கற்களைச் சீனாவிலிருந்து நேரடியாகத் தருவிக்க எண்ணுகிறது. விலை சொல்லியிருக்கும் நிறுவனம் உண்மையான உற்பத்தியாளர்தானா என்பதை அங்கே போகாமலே அறிய வழி உண்டா? முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: கடைவீதியில் அமெரிக்கன் டைமண்ட் எனப்படுவது, சிர்கோனியம் ஆக்சைடை உருக்கிப் படிகமாக்கிய க்யூபிக் சிர்கோனியா என்னும் செயற்கைக் கல்லாகும். திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில் குடிசைத் தொழிலாக நடந்துவந்த கல் பட்டை தீட்டுதலை நலியச் செய்தவை, தென்சீனத்தின் குவாங்சி பகுதியிலுள்ள வூஜோ நகரிலிருந்து மலிவு விலையில் வந்து குவிந்த இயந்திரப் பட்டைக் கற்களே. ஆகவே விற்பவர் வூஜோ முகவரி தருவது இயல்பானதுதான். ஆனால் அந்த முகவரி மட்டுமே அவரை உற்பத்தியாளராக்கிவிடாது.

முதலில் கேட்க வேண்டியது வணிக உரிமத்தின் படி. சீனாவில் பதிவுபெற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் 2015 முதல் 18 இலக்க ஒருங்கிணைந்த அடையாள எண் வழங்கப்படுகிறது. அதை அந்நாட்டு அரசின் நிறுவனத் தகவல் தளத்தில் இட்டால், நிறுவனம் நடப்பில் உள்ளதா, எப்போது தொடங்கப்பட்டது, எந்தெந்தத் தொழில்களுக்குப் பதிவு செய்துள்ளது என்பவை தெரியவரும். சட்டப்படி செல்லுபடியாவது சீன எழுத்திலுள்ள பெயரே என்பதால், ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துத் தேடுவதில் பயனில்லை. தொழில் விவரத்தில் உற்பத்தி குறிப்பிடப்படாமல் விற்பனை மட்டும் இருந்தால் அவர் பெரும்பாலும் இடைத்தரகர். இடைத்தரகராக இருப்பது குற்றமன்று. பல சிறு பட்டறைகளின் சரக்கைத் திரட்டித் தரும் வியாபாரி, பத்து அளவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் பட்டறைக்குத் தொழிற்சாலையைவிட வசதியானவராகவும் இருக்கக்கூடும். ஆனால் தம்மைத் தொழிற்சாலை என்று சொல்லிக்கொண்டு இடைத்தரகர் என்பதை மறைப்பவர், பின்னால் கல்லின் தரத்தைப் பற்றிச் சொல்வதையும் அதே ஐயத்தோடுதான் கேட்க வேண்டும். வணிகத் தளங்கள் தரும் பொன்முத்திரைகளில் பல கட்டணம் செலுத்திய உறுப்பினர் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

உரிமத்திலுள்ள பெயர், விலைப்பட்டியலிலுள்ள பெயர், ஒப்பந்தத்தில் இடப்படும் சிவப்பு வட்ட முத்திரையிலுள்ள பெயர், வங்கிக் கணக்கின் பெயர் ஆகிய நான்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே காகிதச் சோதனையில் தலையாயது. தனிநபர் கணக்குக்கோ, ஒப்பந்தத்தில் இல்லாத வேறொரு நிறுவனத்தின் கணக்குக்கோ பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. கணக்கு எண் மாறிவிட்டதாக இடையில் மின்னஞ்சல் வருமானால், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் அழைத்துக் கேட்காமல் ஒரு ரூபாயும் அனுப்பலாகாது.

அடுத்தது கல். மாதிரிக் கல்லைப் பொறுக்கியெடுத்து அனுப்புவது எல்லா நாட்டு வியாபாரிகளுக்கும் கைவந்த பழக்கம். கண்ணாடி கலந்திருக்கிறதா என்பதைப் பட்டறையிலேயே அறியலாம். க்யூபிக் சிர்கோனியாவின் அடர்த்தி ஏறத்தாழ 5.6 முதல் 6.0 வரை இருப்பதால், 10 கிராம் கற்களைக் கம்பிவலைக் கிண்ணத்திலிட்டு, காற்றுக்குமிழி ஒட்டாதபடி நீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்துத் தொங்கவிட்டு நிறுத்தால், கிண்ணத்தின் எடை நீங்கலாக 8.2 முதல் 8.3 கிராம் வரை காட்டும்; சாதாரணக் கண்ணாடியாயின் 6 கிராமை ஒட்டி இறங்கிவிடும். கல்லை மெழுகில் பதித்து வார்க்கும் வழக்கமுள்ள பட்டறை, மாதிரியை ஒருமுறை உலையில் வைத்து வார்த்துப் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும்; ஏனெனில் தரம் குறைந்த நிறக்கற்கள் சூட்டில் நிறம் மாறுகின்றன.

மொத்தச் சரக்குக்கு உலகெங்கும் பயன்படுவது ஐஎஸ்ஓ 2859 என்னும் மாதிரியெடுப்பு முறை. அதன்படி 10,000 கற்கள் கொண்ட சரக்கில் 200 கற்களைக் கலைத்து எடுத்து, வழக்கமான 2.5 என்னும் ஏற்பு மட்டத்தில் பழுது 10 வரை இருந்தால் ஏற்று, 11 ஆனால் தள்ளுவார்கள். எது பழுது என்பதை, அதாவது கீறலா, விட்டத்தில் எத்தனை மில்லிமீட்டர் வேறுபாடா என்பதை, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் இந்தக் கணக்குக்குப் பொருளே இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, 30 விழுக்காடு முன்பணம், மீதி கப்பல் ஆவணத்தின் நகல் கண்டபின் என்பது பரவலான வழக்கம். ஆனால் கல் கப்பலில் வருவதில்லை, விமானத்தில் வருகிறது. கப்பல் சரக்குச்சீட்டு சரக்கின் உரிமையைக் குறிக்கும் ஆவணம். விமானச் சரக்குச்சீட்டு அப்படியன்று, பெயர் குறிக்கப்பட்டவர் அதைக் காட்டாமலே சரக்கைப் பெறலாம். இதனாலேயே விற்பவர் சரக்கை அனுப்புவதற்கு முன்பே முழுப் பணத்தையும் கேட்கிறார், அது நியாயமும்கூட. எனவே மூன்றாம் தரப்புச் சோதனை மீதிப் பணத்துக்கு முன்பே நடந்தாக வேண்டும். வங்கிக் கடன்கடிதம் திறந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்கள், கடன்கடிதங்களுக்கான யுசிபி 600 விதிகளின்படி வங்கி ஆவணங்களை மட்டுமே பார்க்கும், சரக்கைப் பார்க்காது என்பதை மறக்கிறார்கள். சோதனைச் சான்றிதழையும் அக்கடிதத்தில் கட்டாய ஆவணமாகச் சேர்த்தாலொழிய அது கண்ணாடியையும் தடுக்காது. சிறு தொகைக்கு அதன் கட்டணமே கனக்கும். ஆகவே முதல் ஆர்டரை, முழுவதும் போனாலும் பட்டறை தாங்கக்கூடிய தொகைக்குள் வைத்து, இரண்டாவது ஆர்டரிலும் அதே தரம் வருகிறதா என்று பார்ப்பதே மேல்.

வழக்காடுவதை நம்ப வேண்டாம். நியூயார்க் உடன்படிக்கையின்கீழ் இந்தியா 2012-இல் சீனாவை உடன்படிக்கைக்குட்பட்ட நாடாக அறிவித்திருப்பதால் அங்கு வழங்கப்படும் நடுவர் தீர்ப்புகளுக்கு இங்கு மதிப்பு உண்டென்றாலும், சில இலட்சங்களுக்காக அந்தச் செலவில் இறங்குவது கட்டுப்படியாகாது. இந்தியப் பக்கத்தில் இறக்குமதி–ஏற்றுமதிக் குறியீட்டு எண் தேவை. செயற்கைக் கல் சுங்கத் தலைப்பு 7104-இலும் கண்ணாடிக் கல் 7018-இலும் அடங்குவதால், மேலே சொன்ன அடர்த்திச் சோதனை சுங்க முகவருக்குச் சரியான விவரம் தரவும் உதவும்.

பழைய நகைகளில் விழுந்த கல்லுக்கு மாற்று தேடுவதாயின் இவ்வளவும் வேண்டியதில்லை. கையால் செய்த குழிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. குறிப்பிட்ட அளவுகளில் மட்டுமே வரும் இயந்திரக் கற்கள் அவற்றில் சரியாக உட்காரா. அந்த வேலைக்குத் திருச்சியில் இன்னும் சக்கரம் வைத்திருக்கும் பட்டை தீட்டுபவரிடம் குழியின் அளவைக் கொடுத்து வெட்டி வாங்குவதே சிக்கனம்.