எல்லார்க்கும் திறந்த வாயில்

நுழையும்முன்

கோயிலும் கோட்டையும் அருங்காட்சியகமும் மக்கள் அனைவரின் பொதுச்சொத்து என்கிறோம். ஆயினும் அவற்றின் முதற்படியிலேயே நின்றுவிட நேர்பவர்கள் நம்மிடையே உள்ளனர். பழமை சிதையாமலும் மனிதர் விலக்கப்படாமலும் மரபிடங்களைத் திறந்துவைக்கும் வழிகளை இப்பாடம் ஆராய்கிறது.

ஒரு விருந்தினருக்கு அமைந்த பாதை

2001ஆம் ஆண்டு சனவரியில் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியா வந்தார். இளமையிலேயே நரம்பு நோய்க்கு ஆளாகிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். டெல்லியில் குதுப் மினாரையும் ஜந்தர் மந்தரையும் அவர் காண விரும்பினார். சக்கர நாற்காலி ஏறிச்செல்ல அங்கே பாதை இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பாடுபட்ட ஜாவேத் ஆபிதி இதனைப் பொதுவெளியில் எழுப்பினார். தொல்லியல் துறை மரத்தால் தற்காலிகச் சரிவுப்பாதைகளை அமைத்தது; ஹாக்கிங் நினைவுச்சின்னங்களைக் கண்டு திரும்பினார்.

இந்நிகழ்வு மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் ஒருங்கே தருகிறது. பல நூற்றாண்டுப் பழமையுடைய கட்டடத்தில் ஒரு கல்லையும் பெயர்க்காமல் பாதை அமைக்க முடியும் என்பது அன்று தெளிவாயிற்று. உலகப்புகழ் பெற்ற ஒருவர் வரும்வரை அப்பாதையின் தேவை எவர் கண்ணிலும் படவில்லை என்பதும் அதனோடு வெளிப்பட்டது. டெல்லியிலேயே பிறந்து, டெல்லியிலேயே வளர்ந்து, குதுப் மினாரை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்கள் அதற்கு முன்னரும் இருந்திருப்பார்கள் அல்லவா?

குறை எங்கே உள்ளது?

நடக்க இயலாத ஒருவர் நூலக வாயிலில் மூன்று படிகளைக் கண்டு திரும்பிச் செல்கிறார். அவரைத் தடுத்தது அவரது காலா, அந்தப் படிகளா? காலே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. படிகளுக்கு அருகில் ஒரு சரிவுப்பாதை இருந்திருந்தால் அதே மனிதர் அதே உடலோடு உள்ளே சென்று நூலை எடுத்துப் படித்திருப்பார். ஆகவே, உடலின் நிலையும் சூழலின் தடையும் சேரும்போதே இயலாமை உண்டாகிறது என்பது இன்றைய கருத்து. ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் வழக்கொழிந்து ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் தமிழில் நிலைபெற்றதும் இக்கருத்து மாற்றத்தின் பகுதியே. சொல் மாறிய வேகத்தில் படிகள் மாறவில்லை.

சரிவுப்பாதை என்ற பெயரில் எதையேனும் கட்டிவிடுவதும் பயன்தராது. 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 3 அடி உயரமுள்ள மேடைக்கு 36 அடி நீளப் பாதை தேவை. இடமில்லை என்று 10 அடிக்குள் அதை முடித்துவிட்டால், பின்னாலிருந்து ஒருவர் தள்ளினாலும் ஏறுவது கடினம். இறங்கும்போதோ நாற்காலி கைமீறி ஓடிவிடும். இத்தகைய செங்குத்துச் சரிவுகள் பல அலுவலகங்களின் முகப்பில் உள்ளன. அவை படிவத்தில் ‘உண்டு’ என்று குறிப்பதற்கு மட்டுமே உதவுகின்றன.

கல்லைக் காத்தலும் மனிதரை ஏற்றலும்

புதிய கட்டடத்தில் வரைபடத்தை மாற்றலாம். ஆயிரம் ஆண்டுப் பழமையான கோயிலில் அது இயலாது. சோழர் கோயில்களில் கருவறை உயர்ந்த அதிட்டானத்தின்மேல் அமைந்திருக்கும். அந்த அதிட்டானத்திலேயே கல்வெட்டுகளும் சிற்ப வரிசைகளும் இருக்கும். அங்கே துளையிட்டு இரும்புச் சட்டம் பொருத்தினால் வரலாற்றின் ஒரு வரி அழிந்துபோகும். தொல்லியலாளரின் தயக்கத்தை நாம் மதிக்க வேண்டும்.

இதற்கு அறிஞர்கள் கண்ட விடை, ‘மீட்கத்தக்க மாற்றம்’ என்பதாகும். பாதை பழைய கல்லோடு பிணைக்கப்படாமல், தன் எடையிலேயே நிற்க வேண்டும். தேவையெனில் தடயமின்றி அகற்றத்தக்கதாகவும் இருக்க வேண்டும். டெல்லியில் அமைந்த மரப்பாதை இத்தகையது. 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி வழங்கும் செவிவழிச் செய்தி ஒன்று இங்கு எண்ணத்தக்கது. ஏறத்தாழ 200 அடி உயர விமானத்தின் உச்சிக்கல்லை, சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து நெடுஞ்சரிவு அமைத்து ஏற்றினர் என்பர். அச்செய்தி மெய்யாயின், சரிவுப்பாதை கோயிலுக்கு அயலானது எனச் சொல்வதற்கில்லை. வேலை முடிந்ததும் அகற்றப்பட்டதால் அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரிலுள்ள அக்ரோபொலிசு ஒரு செங்குத்தான பாறைக்குன்று. 2004ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக் போட்டிகள் அந்நகரில் நடைபெற்றதையொட்டி, அங்கே மின்தூக்கி அமைக்கப்பட்டது. அது அடிக்கடி பழுதுற்றது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் புதிய மின்தூக்கி இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் குன்றின்மேல் இடப்பட்ட கற்காரைப் பாதைகள் தொன்மைக்குப் பொருந்தாதவை என்று தொல்லியலாளர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். இரு தரப்பாரும் அந்த இடத்தின்மீது பற்றுடையவர்களே.

தெரிந்து தெளிவோம்

நடைபாதைகளிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் மேடுபள்ளக் கோடுகள் கொண்ட மஞ்சள் ஓடுகளைக் காணலாம். பார்வையற்றோர் காலாலும் கோலாலும் தொட்டு வழியறிய உதவும் இவற்றைச் சப்பானியரான செய்இச்சி மியாக்கே உருவாக்கினார். 1967ஆம் ஆண்டு ஒக்கயாமா நகரில் இவை முதன்முதலில் பதிக்கப்பட்டன. நீண்ட கோடுகள் ‘நட’ என்றும், புள்ளிகள் ‘நில், கவனி’ என்றும் பொருள்படும்.

காண்பதற்கு அப்பால்

பாதை அமைப்பதோடு பணி முடிவதில்லை. சிற்பத்தின் முன் நிற்கும் பார்வையற்றவருக்கு அச்சிற்பம் எவ்வாறு புலப்படும்? எல்லாரும் தொட்டால் கல் தேயும். ஆதலால் தொட்டுணர்வதற்கென்றே சிறு படிமங்களைச் செய்து வைக்கலாம். பிரெய்ல் எழுத்தில் விளக்கப் பலகையும், ஒலிவழி விளக்கமும், செவித்திறன் குறைந்தோருக்குச் சைகைமொழிக் காணொலியும் துணைசெய்யும். குறுகிய சுழற்படிகளைக் கொண்ட மேல்தளங்களுக்குக் காணொலியே ஏற்ற வழி. ஆனால் பாதை அமைக்கக்கூடிய இடத்திலும் காணொலியைக் காட்டி அனுப்பிவிடுவது முறையன்று.

கழிப்பறை பற்றியும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை பூட்டிக் கிடப்பதையும், துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாகிவிடுவதையும் பல பொது இடங்களில் காணலாம். நாள் முழுதும் தண்ணீர் அருந்தாமல் சுற்றுலா சென்றுவருவது எத்தகைய துன்பம் என்பதை அதற்கு ஆளானவரே அறிவர்.

அமைத்ததைப் பேணுதலும் அமைத்தலைப் போன்றே இன்றியமையாதது. சென்னை மெரினா கடற்கரையில் கடல் அருகே செல்வதற்கு 263 மீட்டர் நீள மரப்பாதை 2022ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. மணலில் சக்கரம் புதைவதால் அதுவரை அலையைத் தொலைவில் நின்றே பார்த்தவர்கள் முதன்முறையாக அதன் அருகே சென்றனர். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சிதைந்தது. பின்னர் அது சீர்செய்யப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது.

சட்டம் சொல்வது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டு ஏற்றது. இந்தியா 2007ஆம் ஆண்டு அதனை உறுதிசெய்தது. அதன் 30ஆம் பிரிவு பண்பாட்டு நினைவுச்சின்னங்களை அணுகும் உரிமையைக் குறிப்பிடுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்றதோடு, பொதுக் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கனவாக மாற்றவும் பணித்தது. அக்காலம் கடந்துவிட்டது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம், விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் சட்டத்திற்கு ஒவ்வாது எனக் கூறி, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தர அளவுகளை வகுக்குமாறு ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் 2005ஆம் ஆண்டு தொடுத்த வழக்கு அது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பள்ளியின் முதன்மை வாயிலில் உள்ள படிகளின் மொத்த உயரத்தை அளந்து, அதற்குத் தேவையான சரிவுப்பாதையின் நீளத்தைக் கணக்கிடுக. அப்பாதைக்கு இடம் உள்ளதா என வரைபடம் வரைந்து காட்டுக.

2. உங்கள் ஊரின் பழமையான கோயில், மசூதி, தேவாலயம் அல்லது கோட்டை ஒன்றிற்கு, சக்கர நாற்காலியையோ ஊன்றுகோலையோ பயன்படுத்தும் ஒருவருடன் அவர் இசைவு பெற்றுச் சென்று வருக. அவர் நின்ற இடங்களை அவர் சொற்களிலேயே எழுதுக.